ஒப்பாரிக்குள் நுழைந்தவன்

ராமோத் பாத்தாம் தீவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகு, பாருலியனும் சபுங்கனும் பாடுவதை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. ஏரிக்கரை ஊரான பாலிகேயில் கல்யாணமோ சாவோ புதுவீட்டு விருந்தோ, எதுவானாலும் மூன்று பேர் சேர்ந்து பாடும் குழு வேண்டும். மேல்குரல் ஒன்று, நடுக்குரல் ஒன்று, அடிக்குரல் ஒன்று. ராமோத்தான் மேல்குரல். அவன் போனதும் இவர்கள் ஒரு கல் உருண்டுபோன அடுப்பு மாதிரி ஆகிவிட்டார்கள். எந்தப் பாட்டை ஏற்றினாலும் சாய்ந்தது.

பாருலியன் பாலிகேக்கும் சியந்தாருக்கும் நடுவே வேன் ஓட்டுகிறவன். நடுக்குரல் அவனுடையது, கிதாரும் அவன் கையில். சபுங்கன் அவனுடைய அக்கா ரோஸ்மைதாவின் புருஷன். சந்தைக்குப் பின்னால் கள்ளுக்கடை வைத்திருந்தான். ஆளும் பெரிது, குரலும் பெரிது. அவன் அடிக்குரலில் இறங்கினால் மேசைமேல் இருக்கும் கள் குவளை லேசாக நடுங்கும்.

முதலில் ராமோத்தையே விடாமல் பிடித்துப் பார்த்தார்கள். கைப்பேசியை ஒரு காலிக் குவளைக்குள் நிறுத்திவைத்து, அவனை அங்கிருந்து பாடச் சொன்னார்கள். பாடத்தான் செய்தான். ஆனால் அவன் குரல் எப்போதும் கொஞ்சம் பிந்தியே வந்து சேர்ந்தது.

"கடலை நீந்தித் தாண்டி வர்றான் மச்சான்," என்றான் சபுங்கன். "அவன் வந்து சேர்றதுக்குள்ள நாம கரையேறித் துணி மாத்திட்டோம்."

அடுத்து ஹலோமோவான் வந்தார். தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவர். சுருதி ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் அவர் பாடும்போது பக்கத்தில் ஆள் நிற்பதே அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு முடிந்து மற்ற இருவரும் கிளம்பிப் போன பிறகும் அவர் குரல் மட்டும் வாசலில் நின்று விருந்தாளிகளுக்குக் கைகொடுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் பொர்செயாவிலிருந்து ரிக்சன் என்ற பையன் வந்தான். கரோக்கே போட்டியில் பதக்கம் வாங்கியவன். எந்தச் சுரத்தையும் அவன் சும்மா விடவில்லை. எல்லாவற்றையும் உலுக்கினான்.

"தம்பி, ஒரு சுரத்தைப் பிடிச்சு நில்லுப்பா. ஏன் நனைஞ்ச நாய் மாதிரி உதறுற?" என்று கேட்டான் சபுங்கன்.

"அண்ணே, இந்த உதறலுக்குத்தான் எனக்கு மெடலே குடுத்தாங்க," என்றான் ரிக்சன், கோபித்துக்கொண்டு.

பன்றிக்கறி கிளறிக்கொண்டிருந்த ரோஸ்மைதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்ளோ குத்தம் கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க," என்றாள்.

பாருலியனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேனில் தனியாகப் போகும்போது அவன் நடுக்குரலை மட்டும் பாடிப் பார்ப்பான். மேலே ஆள் இல்லாத நடுக்குரல் ஒரு பாட்டாகவே கேட்காது. கூரை போடாமல் விட்ட வீட்டுக்குள் நிற்பது போல இருக்கும். இனி கிதாரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற யோசனைகூட அவனுக்கு வந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் லகுபோத்திக்கு அப்பால் ஒரு கிராமத்தில் சாவு விழுந்தது. பேரன் பேத்தி எடுத்து, அவர்களுடைய பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் போன கிழவி. அப்படிப்பட்ட சாவு எங்கள் பக்கத்தில் பாதி துக்கம், பாதி திருவிழா. எருமை வெட்டுவார்கள், தோளில் உலோஸ் துணி போர்த்தி ஆடுவார்கள், வாத்தியம் நிற்காது. கீபோர்டு வாசிக்கிற ஒருவன் இவர்கள் இருவரையும் துணைக்குக் கூப்பிட்டான். எந்த வம்சம், யார் வீடு என்றுகூட விசாரிக்காமல் இவர்களும் போனார்கள். மெஷின் தாளத்துக்கு இரண்டு குரலை ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள்.

மத்தியானம் தாண்டிப் பெட்டியை மூடும் நேரம் வந்தது. வாத்தியம் நின்றது. கிழவியின் கடைசி மகள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தியோமினார் என்று பேர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அம்மாவோடு இருந்தவள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வந்தவர்களுக்கு இலை போட்டாச்சா, தண்ணீர் கொடுத்தாச்சா என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தவள். அவள் பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள். ஒப்பாரி தொடங்கியது.

"காலையில உலை வெச்சேன் அம்மா,
பழக்கத்துல ரெண்டு பேருக்கு அரிசி போட்டேன் அம்மா,
வெந்த சோறு பாதி மிஞ்சிப்போச்சே,
நான் யாரைக் கூப்பிட்டுப் போடுவேன், என் அம்மா..."

தாழ்ந்த, கரகரத்த குரல். ஆணா பெண்ணா என்று ஒரு நொடி தடுமாற வைக்கும் குரல். அது அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு சுரமும் வந்த இடத்தில் அசையாமல் நின்றது. ஆற்று நடுவில் பாறை நிற்பது போல. மேலே ஏறியபோதும் மெலியவில்லை, கிறீச்சிடவில்லை. ராமோத் எட்டிப் பிடிக்கத் திணறும் உயரத்தில் அந்தக் குரல் சும்மா உட்கார்ந்திருந்தது.

மேட்டில் வேன் ஏறும்போது பாருலியனின் கை தானாகவே கியரை மாற்றும். அவன் நினைத்து மாற்றுவதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. அவள் "என் அம்மா" என்று இழுத்தபோது, அதற்குக் கீழே, எங்கே நடுக்குரல் நிற்க வேண்டுமோ சரியாக அங்கே, அவன் வாயிலிருந்து குரல் வந்துவிட்டது.

அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தித் திரும்பினார்கள். சபுங்கன் அவன் காலை மிதித்தான். பாருலியனுக்கு எதுவும் உறைக்கவில்லை. தியோமினார் திரும்பிப் பார்க்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அடுத்த அடியை இன்னும் மேலே எடுத்தாள். அவனும் கூடவே ஏறினான். அவள் அம்மாவிடம் என்னென்னவோ சொன்னாள். அவன் வார்த்தையே இல்லாமல் அதன் அடியில் நடந்தான். பந்தலுக்குள் கைக்குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. அவள் முடித்தபோதுதான் அவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரிந்தது.

"யார்ரா அவன்?" என்று ஒரு குரல் வெடித்தது. செத்துப்போன கிழவியின் தம்பி, பங்காரிபுவான் வம்சத்துப் பெரியவர். தாய்மாமன். அந்தப் பந்தலில் அவருக்கு மேல் மரியாதைக்குரியவர் கிடையாது. "ஒரு பொண்ணு பெத்தவளுக்கு அழுறா. கூலிக்குப் பாட வந்தவன் அதுக்குள்ள பூந்து சுதி சேக்குறான்! இது என்ன கள்ளுக்கடையா?"

அவர்களைச் சாப்பிடக்கூட விடாமல் அனுப்பிவிட்டார்கள். கீபோர்டுக்காரன் இவர்களைத் தெரியவே தெரியாது என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். வழி முழுக்க சபுங்கன் திட்டிக்கொண்டே வந்தான். பாதி வழியில் திடீரென்று நிறுத்தினான்.

"மச்சான்."

"ம்."

"நானும் வாயைத் திறக்கப் பாத்தேன் தெரியுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

பாருலியன் கியரை மாற்றினான்.

மன்னிப்புக் கேட்க வரச் சொல்லி அடுத்த வாரம் ஆள் வந்தது. சும்மா கையை வீசிக்கொண்டு போக முடியாது. ரோஸ்மைதா ஒரு பெரிய கெண்டை மீனை மஞ்சளும் காட்டு மிளகும் போட்டு, முழுசாக, தலை வால் சிதையாமல் வேகவைத்துக் கொடுத்தாள். "இது என் தம்பியோட மானம். குலுங்காம கொண்டு போங்க," என்று புருஷனிடம் சொன்னாள். சபுங்கன் அதை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் வேன் இறங்கும்போதெல்லாம் மீனோடு சேர்ந்து எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

கிழவியின் வீட்டில் பாய் விரித்துப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓரமாகத் தியோமினார் சிவப்புப் பேனாவோடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அடுப்படியில் அவளுடைய அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

பெரியவர் நீளமாகப் பேசினார். முறை என்றார், மரியாதை என்றார், காலம் கெட்டுப்போனதைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார். பாருலியன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

கடைசியில் பெரியவர், "ஆமா, நீ எந்த வம்சம்டா?" என்று கேட்டார்.

"சிபராணிங்க. அப்பா சியந்தார்ல குடியேறினவர். நான் அங்கதான் வளந்தேன்."

பெரியவரின் வாய் திறந்தபடி நின்றுபோனது. தியோமினாரின் பேனாவும் நின்றது. செத்துப்போன கிழவியின் புருஷனும் சிபராணிதான்.

"எத்தனையாவது தலைமுறை?" என்று அவர் கேட்டார். பாருலியன் சொன்னான். பெரியவர் விரல் மடக்கி எண்ணி, மேலே போய், கீழே இறங்கி, கடைசியில் தொடையில் தட்டினார். "அடப்பாவி! அப்போ என் அக்கா உனக்கும் அம்மா முறைடா! நான் உனக்குத் தாய்மாமன்! இவ உன் தங்கச்சி!"

"தெரியாதுங்க மாமா," என்றான் பாருலியன். அந்த 'மாமா' வாயில் வந்தபோது அவன் குரல் உடைந்தது.

"அம்மாவுக்குப் புள்ள அழுததுல ஒரு தப்பும் இல்ல," என்றார் பெரியவர். கோபத்துக்கு இருந்த காரணமே காலடியிலிருந்து நழுவிப்போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. "ஆனா சொல்லிட்டு அழுதிருக்கலாம். சரி, மீனை எடு."

அவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். தியோமினார் கை வைக்கவில்லை. அவள் பாருலியனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாடுனீங்க?" என்று கேட்டாள்.

"தெரியல டீச்சர்."

"தங்கச்சின்னு ஆயிடுச்சு. டீச்சர்னு கூப்பிடாதீங்க. ஏன் பாடுனீங்க?"

அவன் யோசித்தான். "உங்க குரலுக்குக் கீழ ஒரு இடம் காலியா இருந்துச்சு. நான் நிக்கவேண்டிய இடம் அது. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் பேனாவை மூடினாள். "நான் பாடுனதே இல்ல அண்ணே. சின்ன வயசுல சர்ச் பாட்டுக் குழுவுல சேர்ந்தேன். உனக்கு ஆம்பளைக் குரல், நீ வாயை மட்டும் அசைன்னு சொல்லிட்டாங்க. அப்படியே அசைச்சு அசைச்சுப் பழகிட்டேன். அன்னைக்கு அம்மாகிட்ட அழும்போது ஏரியில கால் எட்டாத ஆழத்துல இறங்கிட்ட மாதிரி இருந்துச்சு. மூழ்கிடுவேன்னு நெனச்சேன். அப்போ நீங்க வந்தீங்க. காலுக்குத் தரை தட்டுப்பட்டுச்சு." விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தாள். "அதை இன்னொரு தடவை கேக்கணும். இப்ப பாடுங்க."

"என்ன பாட்டு?" என்று சபுங்கன் வாயில் மீனோடு கேட்டான்.

"எனக்குப் பாட்டே தெரியாது. வாய்ப்பாடு தெரியும். பசங்களுக்கு ராகம் போட்டுச் சொல்லிக் குடுப்பேன்."

பெரியவர் சிரித்துவிட்டார். சபுங்கனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, வகுப்பில் நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொடங்கினாள்.

"ஏழொண்ணு ஏழு... ஏழிரண்டு பதினாலு..."

ராகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஏறி இறங்கும் சின்னப் படிக்கட்டு. பாருலியன் இரண்டாவது அடியில் உள்ளே வந்தான். சபுங்கன் விரலைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு அடங்காத வாயோடு, மூன்றாவது அடியில் கீழே இறங்கினான். இறங்கியதும் அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஏழஞ்சு முப்பத்தஞ்சு... ஏழாறு நாப்பத்திரண்டு..."

அவளுடைய குரல் நகரவில்லை. இவர்கள் இருவரும் இவ்வளவு நாள் ஓடி ஓடிப் பிடிக்கப் பார்த்தது அசையாமல் எதிரில் நின்றது. பாருலியன் தன் குரலைக் கொஞ்சம் குறைத்தான், கொஞ்சம் ஒதுக்கினான். சபுங்கனும் அதையே செய்தான். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. ஏழெட்டில் மூன்று குரலும் ஒன்றின்மேல் ஒன்று போய் உட்கார்ந்தன.

அப்போதுதான் அது வந்தது. மூன்று பேர் வாயிலிருந்தும் வராத ஒரு குரல். மெல்லியதாக, மணியின் ஓசை அடங்கும் நேரத்தில் இருப்பது போல, அவர்கள் தலைக்கும் கூரைக்கும் நடுவே. ஜன்னல் கண்ணாடி எங்கோ கிண்கிணித்தது. தன் தொண்டையில் தான் பாடுகிறோமா, அல்லது தன்னை வைத்து வேறு யாரோ பாடுகிறார்களா என்று பாருலியனுக்குத் தெரியவில்லை. அவன் பயந்தான். நிறுத்திவிடுவோமோ என்று அதைவிடப் பயந்தான். "ஐம்பத்தாறு" என்ற சொல்லை அவர்கள் மூச்சு இருக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரக் கையோடு அண்ணி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"வேற யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். "நாலு பேர் பாடுற மாதிரி கேட்டுச்சே?"

பெரியவர் கையில் மீன் முள்ளோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் முள்ளை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"சின்ன வயசுலேர்ந்தே எனக்கு வாய்ப்பாடுன்னா பயம்," என்றார். "ஆனா இப்படிப் பயந்ததில்ல."

தியோமினார் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்து, "நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வர்றேன்," என்றாள். "கள்ளுக்கடைக்கு வரமாட்டேன். டீச்சர் அங்க வந்து நின்னா ஊர் என்ன சொல்லும்?"

அதனால் வேனிலேயே பாடிப் பழகினார்கள். ஏரிக்கரையில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, சபுங்கன் பின் சீட்டில், அவள் முன் சீட்டில், பாருலியன் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே கிதாரை நுழைத்துக்கொண்டு. அந்த நாலாவது குரல் கூப்பிட்டதற்கெல்லாம் வரவில்லை. சில நாள் எவ்வளவு பாடினாலும் வராது. மூவரில் யாராவது ஒருவருக்குத் தன் குரல்மீது கொஞ்சம் ஆசை வந்துவிட்டால் போதும், அது போய்விடும். மூன்று பேரும் களைத்து, விட்டுவிடலாம் என்று இருக்கும்போது திடீரென்று தலைக்கு மேலே வந்து நிற்கும்.

"இதுக்குக் கணக்குல ஒரு விளக்கம் இருக்கும்," என்பாள் தியோமினார். "அலை, அதிர்வு, ஏதோ ஒண்ணு. தேடிப் பாக்குறேன்."

"தேடாத தாயே," என்பான் சபுங்கன். "வர்ற விருந்தாளிகிட்ட அடையாள அட்டை கேட்டா யாரு வருவா?"

அவள் தேடினாள். புத்தகத்தில் விளக்கமும் கிடைத்தது. சரியான விளக்கம்தான். அதைப் படித்துவிட்டு வந்த அன்று பாடியபோதும் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. "படிச்சது ஒண்ணும் உதவல அண்ணே," என்றாள்.

மூவரும் சேர்ந்து பாடிய முதல் கல்யாணம் பொர்செயாவில். மண்டபம் நிறைய ஆட்கள். அங்கே பாதிப் பேர் பாட்டுக்காக வரவில்லை, உறவு முறைப்படி பிரித்துக் கொடுக்கும் பங்குக் கறிக்காக வந்தவர்கள். தாடை எந்தத் தரப்புக்கு, விலா எந்தத் தரப்புக்கு என்று ஒலிபெருக்கியைப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மேடையில் பட்டு உலோஸ் போர்த்தி நின்ற தியோமினாரைப் பார்த்து, "என்னப்பா, மூணாவது ஆள் வரலையா? கறியைப் பங்கு போட கணக்கு டீச்சரைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினார். மண்டபம் சிரித்தது.

அவள் முகம் வெளுத்தது. பாருலியன் கிதாரில் சுருதி மட்டும் கொடுத்தான். "அவங்களைப் பாக்காத," என்றான். "என்னையும் பாக்காத. கீழ தரை இருக்கான்னு மட்டும் பாரு."

பிரிந்துபோன மகன் ஏரியைக் கடந்து வீடு திரும்பும் பாட்டைத் தொடங்கினார்கள். முதல் அடியில் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவது அடியில் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றார். பல்லவிக்கு வந்து மூன்று குரலும் பூட்டிக்கொண்டபோது, கறி வெட்டுகிறவன் ஓங்கிய கத்தியை இறக்காமல் நின்றான். எல்லோரும் ஒரே சமயத்தில் மேலே பார்த்தார்கள். மண்டபத்துத் தகரக் கூரையில் பறவையா மழையா என்று தேடுகிறவர்கள் மாதிரி. கேலி செய்த சித்தப்பா மெதுவாக எழுந்து நின்றார். ஏன் நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவர் நின்றதைப் பார்த்துப் பக்கத்து வரிசை எழுந்தது, அப்புறம் அடுத்த வரிசை.

பாட்டு முடிந்தும் யாரும் கை தட்டவில்லை. சத்தம் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தபோது அது தாழ்ந்து, கூச்சத்தோடு வந்தது. கறிப் பங்கு அன்றைக்குச் சண்டையில்லாமல் முடிந்தது என்று பொர்செயாக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஏரி ஓரமாகச் சாலை வளையும் இடத்தில் தியோமினார், "அண்ணே, இங்க நிறுத்துங்க," என்றாள்.

இறங்கினார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிரே சமோசிர் தீவின் மலை ஊதா நிறத்தில் இருந்தது. ஆள் நடமாட்டம் இல்லை.

"பயமா இருக்குண்ணே," என்றாள் அவள். "அது நம்மளோடது இல்லையே. நாம பாட்டுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம்."

"எனக்கும் பயம்தான்," என்றான் பாருலியன்.

சபுங்கன் கரையில் இறங்கி, காலணியைக் கழற்றிவிட்டு, தண்ணீரைப் பார்த்து நின்றான். "பயந்துக்கிட்டே பாடுவோம்," என்றான். கேட்க யாரும் இல்லாத அந்தக் கரையில் அவன்தான் முதலில் அடிக்குரலைப் பிடித்தான். பாருலியன் மூச்சை இழுத்துக்கொண்டு அவனுக்கு மேலே போய் நின்றான். தங்கச்சிக்காக இருவரும் காத்திருந்தார்கள்.